மோட்டார் வண்டியின் மூச்சு வாயில்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை அடுத்து, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் சேரம்பாடி. கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர் ஆகிய ஊர்களைக் கடந்து அவ்வூரை அடைய வேண்டும். வழி நெடுக ஏற்றமும் இறக்கமும் வளைவும் மாறி மாறி வரும். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, இவ்வட்டாரத்தின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து பள்ளிக்கூடத்திற்கும், சந்தைக்கும், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கும் செல்ல, பேருந்து எட்டாத இடங்களில் ஜீப்பும் காருமே துணை. தென்மேற்குப் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும். மாலை மங்கினால் யானைகள் சாலையைக் கடக்கும். இத்தகைய பாதையில், ஏற்றத்தின் நடுவே, ஓட்டுநர் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வேகம் கொள்ளாமல் முனகிக்கொண்டு நின்றால், அதனால் வரும் இடர் எத்தகையது என்பதை எளிதில் உணரலாம்.

இன்றைய வண்டிகளில் இந்த இடர் பெரும்பாலும் ஒரு சிறிய உறுப்பினாலோ, அதற்குச் செல்லும் மெல்லிய கம்பிகளாலோ நேர்கிறது. எஞ்சினுக்குள் செல்லும் காற்றை அளந்து விடும் உறுப்பு அது. பட்டறைகளில் அதனைத் 'திராட்டில் பாடி' என்பார்கள். வண்டி மூச்சு விடும் வழி அதுவாதலால் நாம் அதனை மூச்சு வாயில் என்றே அழைப்போம். அது எவ்வாறு இயங்குகிறது, அதில் கோளாறு நேர்ந்தால் எந்த முறையில் ஆராய்ந்து காண்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் காற்றைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு உணவு பெட்ரோல் மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். எனவே அது எரிய ஏறக்குறைய 11 கிலோகிராம் காற்றுத் தேவை. கடல் மட்டத்தில் அவ்வளவு காற்று 9,000 லிட்டர் இடத்தை அடைக்கும். உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே, கோவையில் ஏறிய அளவு ஏற்றத்தை உதகையில் ஏற வேண்டுமாயின் மூச்சு வாயில் இன்னும் அகலத் திறக்க வேண்டும். மலை ஏறுகிறவன் அடிக்கடி மூச்சு வாங்குவதற்கும் வண்டி இவ்வாறு செய்வதற்கும் காரணம் ஒன்றே.

பழைய வண்டிகளில் இந்த வாயிலைத் திறக்கும் முறை மிக எளிது. அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரின் காலடியில் உள்ள ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து ஓர் இணைப்பு கார்புரேட்டருக்குச் செல்லும். மிதியை அழுத்தினால் அது இழுக்கப்படும். கார்புரேட்டரின் கழுத்தில் உள்ள வட்டத் தகடு திரும்பும். காற்று உள்ளே பாயும். காலை எடுத்தால் சுருள்வில் தகட்டை மூடிவிடும். பிற்கால வண்டிகளில் இந்த இணைப்புக்கு இரும்புக் கேபிள் பயன்பட்டது. கேபிள் துருப்பிடித்தால் மிதி கனக்கும். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். சுருள்வில் கழன்றால் எஞ்சின் அலறும். நோய் எங்கே என்பதைக் கண்ணும் காதும் கையுமே கூறிவிடும்.

1980-களின் பிற்பகுதியில் ஜெர்மானிய நிறுவனமான பி.எம்.டபிள்யூ, தன்னுடைய பன்னிரண்டு சிலிண்டர் காரில் இந்தக் கேபிளை அகற்றிவிட்டு மின்கம்பியை வைத்தது. அதன்பின் அம்முறை உலகெங்கும் பரவியது. புகையின் நச்சைக் குறைக்க வேண்டும் என்னும் சட்டங்கள் இறுக இறுக, காற்றையும் எரிபொருளையும் நுட்பமாக அளப்பது கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் நான்கு என்னும் விதி 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதற்கும், பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் விதி 2020 ஏப்ரல் முதலும் நடைமுறைக்கு வந்தன. இன்று புதிதாக வாங்கும் பெட்ரோல் கார்களில் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே கேபிள் இல்லை.

அப்படியானால் காலின் கட்டளை எஞ்சினுக்கு எவ்வாறு சென்று சேர்கிறது? மிதியின் அச்சில் ஒரு சென்சார், அதாவது உணர்கருவி, பொருத்தப்பட்டிருக்கிறது. மிதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அது மின்னழுத்தமாக மாற்றிச் சொல்லும். அந்தச் செய்தி எஞ்சினை ஆளும் சிறு கணிப்பொறிக்குச் செல்கிறது. மெக்கானிக்குகள் இதனை ஈ.சி.எம். என்பர். அக்கணிப்பொறி எஞ்சினின் சூடு, வேகம், காற்றின் அளவு ஆகியவற்றையும் கேட்டறிந்து, வாயில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. பிறகு வாயிலின் பக்கத்தில் உள்ள சிறிய மின்மோட்டாரை இயக்குகிறது. மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்ற, தகடு திரும்புகிறது. தகடு உண்மையில் எவ்வளவு திரும்பியது என்பதை வேறோர் உணர்கருவி கணிப்பொறிக்குத் திருப்பிச் சொல்கிறது. கட்டளையும் அதன் நிறைவேற்றமும் ஒத்திருக்கின்றனவா என்று கணிப்பொறி ஒரு நொடிக்குள் பலமுறை சரிபார்த்துக்கொள்கிறது.

டீசல் வண்டிகளைப் பற்றி ஒரு சொல். மலைப்பகுதியில் ஓடும் ஜீப்புகள் பல டீசலில் ஓடுபவை. டீசல் எஞ்சினின் ஆற்றல், காற்றைக் குறுக்குவதால் அன்றி, பீய்ச்சும் டீசலின் அளவால் ஆளப்படுவது. ஆகவே அங்கே மூச்சு வாயிலுக்குப் பெட்ரோல் வண்டியில் உள்ள பணி இல்லை. ஆயினும் மிதியில் உணர்கருவி வைத்த புதிய டீசல் ஜீப்புகளுக்கும், மிதியையும் அதன் கம்பிகளையும் பற்றி இங்குக் கூறுவன முழுவதும் பொருந்தும்.

இனி இந்த அமைப்பின் உயிர்நாடியான கருத்துக்கு வருவோம். காலின் கட்டளையை ஒரே உணர்கருவியிடம் ஒப்படைத்தால், அது பொய் சொல்லும் நாளில் வண்டி தானே பாய்ந்துவிடலாம். அதனால் வடிவமைத்தவர்கள் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு உணர்கருவிகளை வைத்தார்கள். மிதியில் இரண்டு, தகட்டில் இரண்டு. வழக்கு மன்றத்தில் இரண்டு சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து, இருவர் கூற்றும் ஒத்துவந்தால் மட்டும் நம்புவதைப் போன்றது இது. இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லுமாறு அமைத்தால், இரு கம்பிகளும் ஒன்றோடொன்று உராய்ந்து ஒட்டிக்கொண்டாலும் கணிப்பொறிக்கு அது தெரியாமல் போகும். எனவே அவை வேறு வேறு எண்களைச் சொல்லுமாறும், அவற்றுக்கிடையே மாறாத உறவு இருக்குமாறும் அமைத்தார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எண்கள் வண்டிக்கு வண்டி மாறும், கருத்து மாறாது. மிதியின் முதல் உணர்கருவி, கால் படாதபோது 0.8 வோல்ட்டும், பாதி அழுத்தும்போது 2.2 வோல்ட்டும், முழுதும் அழுத்தும்போது 3.6 வோல்ட்டும் காட்டுகிறது என்று கொள்வோம். இரண்டாவது உணர்கருவி அதே நிலைகளில் 0.4, 1.1, 1.8 வோல்ட் காட்டும். முதலாவது எப்போதும் இரண்டாவதைப் போல் இரு மடங்கு. தகட்டில் உள்ள இரண்டு உணர்கருவிகளுக்குப் பல வண்டிகளில் வேறு வகை உறவு உண்டு. தகடு திறக்கத் திறக்க ஒன்றின் வோல்ட் ஏறும். மற்றொன்றின் வோல்ட் இறங்கும். இரண்டையும் கூட்டினால் எந்த நிலையிலும் 5 வோல்ட் வரும். இந்த உறவு கெட்டவுடன், சாட்சிகளில் ஒருவர் தவறிவிட்டார் என்று கணிப்பொறி அறிந்துகொள்கிறது.

தவறியவர் யார் என்று அதனால் எப்போதும் துணிய இயலாது. ஆகவே அது தற்காப்பான வழியை மேற்கொள்கிறது. முகப்பில் மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. எஞ்சினின் ஆற்றலை மிகவும் குறைத்துவிடுகிறது. கோளாறு கடுமையானால் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தையே நிறுத்திவிடுகிறது. அப்போது சுருள்வில் தகட்டைச் சிறிதளவு திறந்த நிலையில் நிறுத்தும். வண்டி நொண்டிக்கொண்டேனும் பக்கத்து ஊரை எட்டட்டும் என்பதே இதன் நோக்கம். சமவெளியில் இது போதும். செங்குத்தான ஏற்றத்தில், ஆட்கள் நிறைந்த வண்டியில், இது போதாமல் போகலாம்.

அந்நிலையில் ஓட்டுநர் பதற்றம் கொள்ளலாகாது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் கெட்டுவிடவில்லை. எச்சரிக்கை விளக்கை ஏற்றி, முதல் கியரில் மெல்லச் சென்று, பாதுகாப்பான ஓரம் கண்டு நிறுத்திச் சக்கரத்திற்குக் கல் வைக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, மிதி ஏதோ ஒன்றில் சிக்கி எஞ்சின் தானே வேகமெடுத்தால், பிரேக்கை ஒரே மூச்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஓரம் சேர்த்தபின் எஞ்சினை நிறுத்த வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தலாகாது. ஏனெனில் பெட்ரோல் வண்டியின் பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடம், மூச்சு வாயில் ஓரளவு மூடியிருக்கும்போதுதான் உண்டாகிறது. வாயில் அகலத் திறந்துவிட்டால் அந்தத் துணை புதிதாகக் கிடைக்காது. விட்டு விட்டு மிதித்தால் சேமிப்பும் தீர்ந்துவிடும். வண்டி ஓடும்போது சாவியை எடுத்துவிடவும் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

வண்டி பட்டறையை அடைந்துவிட்டது. இனிமேல்தான் நோயறியும் கலை தொடங்குகிறது. ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, முகப்புப் பலகையின் அடியில், 16 முனைகள் கொண்ட ஓர் இணைப்பு உண்டு. அதில் ஸ்கேனர் என்னும் கருவியைச் செருகினால், கணிப்பொறி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்த குறியீட்டு எண்ணைக் காட்டும். 'பி 2138' என்று வந்தால், மிதியின் இரு உணர்கருவிகள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். 'பி 2135' என்றால் தகட்டின் இரு உணர்கருவிகளுக்குள் முரண்பாடு. 'பி 2122' என்றால் மிதியின் ஓர் உணர்கருவியிலிருந்து வரும் வோல்ட் மிகக் குறைவு. 'பி 2111' என்றால் தகடு திறந்த நிலையில் சிக்கியுள்ளது. 'பி 2112' என்றால் மூடிய நிலையில் சிக்கியுள்ளது.

இவ்விடத்தில்தான் பலர் தவறிவிடுகின்றனர். 'பி 2138' என்று கண்டவுடன், மிதி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதிய மிதியை வாங்கிப் பொருத்துகிறார்கள். குறை தீரவில்லையென்றால் மூச்சு வாயிலை மாற்றுகிறார்கள். அதுவும் பயன்படவில்லையென்றால் கணிப்பொறியையே மாற்றச் சொல்லுகிறார்கள். வாடகை ஜீப்பை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு இத்தனை உறுப்புகளின் விலை பெருஞ்சுமை. அதனினும் கொடியது, உண்மைக் குறை உள்ளேயே இருந்து, அடுத்த மழையில் அதே ஏற்றத்தில் மீண்டும் தலைதூக்குவது. கணிப்பொறி சொன்னது, 'எனக்கு வந்த இரு செய்திகளும் ஒத்துவரவில்லை' என்பது மட்டுமே. செய்தி எந்த இடத்தில் கெட்டது என்று அது சொல்லவில்லை. உணர்கருவியில் கெட்டிருக்கலாம், கம்பியில் கெட்டிருக்கலாம், கம்பிகள் கூடும் கனெக்டரில் கெட்டிருக்கலாம், 5 வோல்ட் கொடுக்கும் இடத்திலேயே கெட்டிருக்கலாம். இந்த நான்கையும் பிரித்து அறிவதே மெக்கானிக்கின் கடமை.

நல்ல மருத்துவர் நாடி பார்க்குமுன் நோயாளியிடம் பேச்சுக் கொடுப்பார். மெக்கானிக்கும் ஓட்டுநரிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும். மழையில் மட்டும் வருகிறதா? வண்டி குலுங்கும்போது வருகிறதா? எஞ்சின் சூடேறிய பின் வருகிறதா? அண்மையில் பேட்டரி மாற்றினீர்களா? வேறு ஏதேனும் பழுது பார்க்கப்பட்டதா? மழையில் வருவது நீர் புகுந்த கனெக்டரைச் சுட்டும். குலுக்கலில் வருவது அறுந்தும் அறாமலும் நிற்கும் கம்பியைச் சுட்டும். குறியீட்டு எண்ணை அழிக்குமுன் அதனைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். கோளாறு நேர்ந்த கணத்தில் எஞ்சினின் வேகமும் சூடும் என்னவாக இருந்தன என்பதையும் பல வண்டிகள் உடன் எழுதி வைத்திருக்கும்.

அடுத்தது பேட்டரி. எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். அது தளர்ந்திருந்தால், சாவியைத் திருப்பியதும் தகட்டைச் சற்று அசைத்துத் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் கணிப்பொறி, அச்சோதனையில் தவறான முடிவுக்கு வரக்கூடும். பேட்டரி முனையின் அழுக்கால் மூச்சு வாயில் பழி சுமப்பதும் உண்டு.

பின்னர் கண்ணால் காண்பது. எஞ்சின் பக்கத்துக் கம்பிகளை எலி கடித்திருக்கிறதா? கம்பியின் மேலுறை எங்கேனும் இரும்பில் உராய்ந்து தேய்ந்திருக்கிறதா? கனெக்டரைக் கழற்றினால் உள்ளே நீர்த்துளியோ பச்சை நிறமோ தெரிகிறதா? செம்பில் களிம்பு ஏறும் என்பது நம் முன்னோர் நன்கறிந்த செய்தி. மாதக்கணக்கில் ஈரம் வற்றாத தேவாலா, பந்தலூர், சேரம்பாடிப் பகுதிகளில், கனெக்டரின் ரப்பர் வளையம் சற்றே கிழிந்திருந்தாலும் களிம்பு ஏறுவதற்கு அது போதும்.

அந்தக் களிம்பு என்ன செய்யும் என்பதை, பள்ளியில் நாம் படித்த ஓம் விதியைக் கொண்டே கணக்கிடலாம். முதல் உணர்கருவி 5,000 ஓம் மின்தடையுள்ள ஒரு தடம் என்றும், அதன் இரு முனைகளுக்கும் இடையே 5 வோல்ட் கொடுக்கப்படுகிறது என்றும் கொள்வோம். அதில் ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஓடும். 5 வோல்ட் வரும் கம்பியின் இணைப்பில் களிம்பேறி 500 ஓம் தடை சேர்ந்துவிட்டது. இப்போது மொத்தத் தடை 5,500 ஓம். களிம்பு 0.45 வோல்ட்டை விழுங்கிவிட, தடத்திற்குக் கிடைப்பது 4.55 வோல்ட்தான். முழுதும் அழுத்திய நிலையில் 3.6 காட்ட வேண்டிய உணர்கருவி 3.27 காட்டும், குறைவு 0.33 வோல்ட். கால் படாத நிலையில் 0.8 காட்ட வேண்டியது 0.73 காட்டும், குறைவு 0.07 மட்டுமே. இரண்டாவது உணர்கருவி பழுதின்றி உள்ளதால் அதன் எண்கள் மாறுவதில்லை. அதாவது மிதியை அழுத்த அழுத்த முரண்பாடு பெருகும். ஏற்றத்தில் மிதியை ஆழ அழுத்தும்போது மட்டும் வண்டி ஏன் சோர்ந்துவிடுகிறது என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது.

அதே 500 ஓம் களிம்பு எர்த் கம்பியில் ஏறியிருந்தால் கணக்கு வேறாகும். தடத்தின் கீழ்முனை சுழியில் நிற்காமல் 0.45 வோல்ட்டுக்கு உயர்ந்துவிடும். கால் படாத நிலையில் 0.8-க்கு மாறாக 1.18 வோல்ட் வரும், மிகுதி 0.38. முழுதும் அழுத்திய நிலையில் 3.6-க்கு மாறாக 3.73 வரும், மிகுதி 0.13 மட்டுமே. இங்கே முரண்பாடு மிதி மேலே இருக்கும்போது மிகுதி. அழுத்த அழுத்தக் குறையும். ஆகவே, ஸ்கேனரில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே மிதியை மெல்ல அழுத்தினால், குறை மேற்கம்பியிலா எர்த்திலா என்பதை எந்த உறுப்பையும் கழற்றாமல் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஏறிவரும் எண், ஒரே இடத்தில் மட்டும் திடீரென்று தாவுமானால், தடம் அந்த இடத்தில் தேய்ந்துபோனது என்று கொள்ளலாம். காந்தத்தால் உணரும் புதிய வகைக் கருவிகளில் தேயும் தடம் இல்லை. அங்கே கம்பியையும் கனெக்டரையும் மேலும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஊகத்தை அளந்து உறுதி செய்ய மல்டிமீட்டர் வேண்டும். கனெக்டரில் 5 வோல்ட் முழுமையாக வருகிறதா? எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? பல வண்டிகளில் அதே 5 வோல்ட் வேறு சில உணர்கருவிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. ஏ.சி.யின் அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்று உள்ளே பழுதாகி அந்த 5 வோல்ட்டைத் தரைக்கு இழுத்துவிட்டால், குற்றமற்ற மிதியின் மேல் பழி விழும். அத்தகைய கருவிகளின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 5 வோல்ட் எப்போது திரும்பி வருகிறது என்று பார்த்தால் உண்மைக் குற்றவாளி அகப்படுவான். குறை தோன்றி மறைவதாயின், எண்களைப் பார்த்துக்கொண்டே கம்பிக்கட்டைப் பல இடங்களில் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும்.

மோட்டாரின் கம்பிகளுக்குக் கணக்கு வேறு. உணர்கருவியில் ஓடுவது மில்லி ஆம்பியர்; ஆகவே ஓர் ஓம் தடை அங்கே தெரியவே தெரியாது. தகட்டைத் திருப்பும் மோட்டாரில் சில ஆம்பியர் ஓடும். 3 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஓர் ஓம் தடை 3 வோல்ட்டை விழுங்கிவிடும். மோட்டார் வலுவிழந்து, தகடு கட்டளைக்குப் பின்தங்கும். ஒரே தடை ஓரிடத்தில் பொருட்டின்றியும் மற்றோரிடத்தில் பெருங்கேடாகவும் விளங்குவதற்குக் காரணம் மின்னோட்டத்தின் வேறுபாடே.

மின்சாரத்தில் குறை இல்லையென்றால், மூச்சு வாயிலைத் திறந்து பார்க்கலாம். எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவியும் கரியும் தகட்டின் ஓரத்தில் கருமையாகப் படியும். எஞ்சின் வண்டி நிற்கும்போது மெதுவாக ஓடுவது அந்த ஓரத்து இடுக்கில் புகும் சிறிதளவு காற்றால்தான். இடுக்கு அடைந்தால் எஞ்சின் தடுமாறும், நின்றும் விடும். இதைத் துடைக்கும்போது சாவியை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மோட்டார் திடுமென இயங்கினால் விரல் நசுங்கும். தகட்டை விரலால் நெட்டித் தள்ளினால் பற்சக்கரம் கெடும். அதற்குரிய திரவத்தில் நனைத்த மெல்லிய துணி போதும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது.

துடைத்த பின் எஞ்சின் முன்னிலும் வேகமாக ஓடினால் திகைக்க வேண்டாம். அழுக்கு சேரச் சேரத் தகட்டைச் சற்று மிகுதியாகத் திறக்கக் கணிப்பொறி பழகிவிட்டது. வழி சுத்தமானதை அது இன்னும் அறியாது. நிறுவனம் வகுத்த முறைப்படி புதிய நிலையை அதற்குக் கற்பிக்க வேண்டும். மூச்சு வாயிலைப் புதிதாக மாற்றினாலும் பல வண்டிகளில் இப்பணி உண்டு. இதனைச் செய்யாமல் விட்டு, புதிய உறுப்பும் பழுதென்று திருப்பியனுப்பியவர்கள் உண்டு. இறுதியாக, எந்த நிலையில் குறை தோன்றியதோ அதே நிலையில் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் வந்த குறையைப் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்துத் தீர்ந்தது என்று சொல்வது பொருந்தாது.

இத்தகைய ஆராய்ச்சி உலக அளவில் நடந்த வரலாறு ஒன்றுண்டு. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகருக்கு அருகில், டொயோட்டா நிறுவனத்தின் லெக்சஸ் கார் ஒன்று கட்டுக்கு அடங்காமல் பாய்ந்து நால்வர் உயிரிழந்தனர். அவ்வண்டிக்குப் பொருந்தாத தரைவிரிப்பு ஒன்று மிதியைச் சிக்கவைத்தது என்று கண்டனர். எனினும், மின்னணு முறையே காரணமாகலாம் என்னும் ஐயம் மக்களிடையே வலுத்தது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை, விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியியலாளர்களின் துணையை நாடியது. அவர்கள் கணிப்பொறியின் கட்டளைகளை வரிவரியாகப் படித்தனர். கருவிகளை மின்காந்த அலைகளுக்கு உட்படுத்திச் சோதித்தனர். 2011 பிப்ரவரியில் முடிவு வெளியாயிற்று. பெரும் வேகத்தில் நேர்ந்த அத்தகைய விபத்துகளுக்கு மின்னணுக் குறை காரணம் என்பதற்கான சான்று கிடைக்கவில்லை என்றும், சிக்கிய தரைவிரிப்பும் ஒட்டிக்கொண்ட மிதியுமே அறியப்பட்ட காரணங்கள் என்றும் அறிவித்தனர்.

அதே ஆய்வில் வியத்தகு செய்தி ஒன்றும் வெளிப்பட்டது. பழுதான மிதி ஒன்றின் உணர்கருவிக்குள், வெள்ளீயம் பூசிய பரப்பிலிருந்து தலைமயிரினும் மிக மெல்லிய உலோக இழை தானாகவே வளர்ந்து, இரு முனைகளைத் தொடுத்திருந்தது. தனித்து நிற்க வேண்டிய இரண்டு சாட்சிகள் காதோடு காதாகப் பேசிக்கொண்டது போன்ற நிலை அது. 2013-இல் ஒக்லகோமா மாநிலத்து வழக்கு ஒன்றில், மின்னணு மென்பொருளைக் குறைகூறிய சான்றுகளைக் கேட்ட நடுவர் குழு, 2007-இல் நேர்ந்த வேறொரு விபத்திற்காக நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆகவே மின்னணு முறை ஒருபோதும் தவறாது என்று கொள்வதும் தவறு. எதற்கும் அதுவே காரணம் என்று கொள்வதும் தவறு. காலடியில் கிடக்கும் விரிப்பை முதலில் பார்த்துவிட்டு, பிறகு கம்பியையும், அதன்பின் கருவியையும், கடைசியாகக் கணிப்பொறியையும் ஆராய்வதே நேரிய வழி. எளிதில் காணத்தக்கதும் செலவற்றதும் முன்னே வரவேண்டும். கடினமானதும் விலை மிகுந்ததும் பின்னே வரவேண்டும்.

மாணவர்களே! மோட்டார்த் தொழிலைப் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. நாளைக்கு உங்கள் வீட்டு வண்டியோ, நீங்கள் பள்ளிக்குச் செல்லும் ஜீப்போ மலையில் நின்றுவிடக்கூடும். அப்போது மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். குறியீட்டு எண் என்ன? அதற்குக் காரணம் உறுப்பா, கம்பியா என்பதை எதைக்கொண்டு அளந்தீர்கள்? பழுது பார்த்த பின் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா? தொழில் அறிந்த மெக்கானிக் இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியுடன் விடை கூறுவார். விடை கிடைக்கும் வரையில் விலை மிகுந்த உறுப்புகளை வாங்க விரைய வேண்டாம்.